பிரஷர் ஏறிப் போச்சு

காலையில் தேநீர் வைக்கப் போனபோது குசினி குளிர்ந்து கிடந்தது. வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் வட்ட முகத்தில் முள் சிவப்புக்குள் விழுந்திருந்தது. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். படம் எடுத்து, வேலைக்குப் போயிருந்த மகளுக்கு அனுப்பினேன். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் த பிரஷர். டோன்ட் பானிக். பின்னேரம் ஆள் வரும்" என்று பதில் வந்தது. பயப்படாதே என்றால் கேட்கிற ஆளா நான்? லண்டன் செவன் கிங்ஸில் வீடு வாங்கி இத்தனை காலமாகியும் பிரஷர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பழைய பயம் வந்துவிடும்.

கீழே வைத்த சட்டியில் விழுந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. இரும்பு ஊறிய ஒரு மணம். நல்ல மணமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கோ அது முன்பு நாங்கள் இருந்த பிளேஸ்டோ வீட்டின் மணம்.

அந்த வாடகை வீட்டில் கீழே நானும் மனைவி வசந்தியும். மேலே ராசன் அண்ணை. ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கே எல்லாம் கோணல் என்பதுதான் அவருடைய காலை வணக்கம். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் பொயிலரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. குழாய்களுக்குள் டொக்கு டொக்கென்று யாரோ கதவு தட்டுவதுபோல் சத்தம் வரும். பிரஷர் குறைந்து வீடு குளிர்ந்துவிட்டால், அடியிலுள்ள சின்னக் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றி, முள் ஒன்றரைக்கு வந்ததும் பூட்ட வேண்டும். அது ராசன் அண்ணையின் வேலை. நான் கிட்டப் போக மாட்டேன். வெடித்துவிடும் என்று பயம். ஊரில் குண்டு வெடித்ததெல்லாம் காணாதா?

அந்தக் குளிர்காலத்தில் வசந்தி பிள்ளைத்தாச்சி. எட்டாம் மாதம். பிரஷர் கொஞ்சம் கூட என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தலையிடி வந்தாலோ கண்ணுக்குள் பூச்சி பறந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பிரஷர். ஒன்று குறையக் கூடாது, மற்றது கூடக் கூடாது. நடுவில் நான், நித்திரையில்லாமல்.

எனக்கு வேலை ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில். ஒருநாள் மத்தியானம் பெட்டி உடைத்துச் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. ராசன் அண்ணை. மனுசனுக்குக் குரல் நடுங்கியது.

"தம்பி, கெதியா வீட்ட வா. பிரஷர் ஏறிப் போச்சு. மூண்டைத் தாண்டிட்டுது. தண்ணியும் போகத் தொடங்கிட்டுது. என்னால ஒண்டும் செய்ய ஏலாது!"

அவ்வளவுதான், வைத்துவிட்டார். திருப்பி அடித்தேன், ஒருவரும் எடுக்கவில்லை.

மனிதரின் பிரஷர் நூற்றுச் சொச்சத்தில் நிற்கும், மூன்றில் நின்றால் ஆள் முடிந்த கதை என்று யோசிக்க எனக்கு மூளை வேலை செய்ய வேண்டுமே! பிரஷர் ஏறிவிட்டது, பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது, இது மட்டும்தான் மண்டைக்குள். கடைப் போனிலேயே ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். "வைஃப், பேபி, பிரஷர், வாட்டர்" என்று கத்தினேன். முகவரியை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன், அது முருகன் புண்ணியம்.

பிறகு ரயில். லண்டனின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்கு. சுரங்கத்துக்குள் போன் வேலை செய்யாது. எதிரே ஒரு பெண் ஆறுதலாக அப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வசந்தி இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வரும். அதைத் துரத்த ஸ்டேஷன் பெயர்களை வாய்க்குள் சொல்லுவேன். திரும்பவும் வரும். இந்த நாட்டில் எனக்கென்று அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஓடிப் போய்ப் பார்த்தால் வாசலில், பிந்தி வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ். வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடக்க, நடையெல்லாம் கறுப்புத் தண்ணீர். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, வாளியும் துணியுமாக ராசன் அண்ணை. என்னைக் கண்டதும் வாயைப் பிளந்தார்.

"எட தம்பி, பொயிலருக்கோ ஆம்புலன்ஸ் அனுப்பினனீ?"

சின்னக் குழாயைத் திறந்தவருக்கு அதைத் திரும்பப் பூட்ட முடியாமல் போயிருக்கிறது. முள் மூன்றைத் தாண்ட, குழாய்ப் பொருத்து விலகித் தண்ணீர் பீறிட்டிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவரைக் கட்டிப்பிடித்து நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது.

ஆனால் ஆம்புலன்சுக்குள் யாரும் சிரிக்கவில்லை. வந்ததுதான் வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம் என்று அங்கிருந்த பெண் வசந்தியின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றியிருக்கிறாள். ஒருமுறை பார்த்தவள் மறுபடியும் பார்த்திருக்கிறாள். நான் ஏறும்போது அவள் முகம் இறுகிப் போயிருந்தது.

"எனக்கு ஒண்டுமில்லையப்பா" என்றாள் வசந்தி படுத்தபடியே. "காலமையில இருந்து கொஞ்சம் தலையிடி. குளிசை போட்டனான். நீங்கள் போய் அண்ணையோட தண்ணியை அள்ளுங்கோ."

அன்றே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டொக்டர். டோன்ட் பானிக் என்று எனக்கு எழுதுகிற மகள் பிறந்த கதை இதுதான். ராசன் அண்ணை பிள்ளையைத் தூக்கப் பயந்து கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதார். "நான் பொயிலரைத்தான் சொன்னனான்" என்று கண்ட தாதிகளிடமெல்லாம் தமிழில் சொன்னார்.

பிளேஸ்டோ வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ராசன் அண்ணை கனடாவில், காது சரியாகக் கேட்காது. இந்த வீட்டு மேல்மாடியில் யாரும் வாடகைக்கு இல்லை.

சில வருடங்களுக்கு முன் வசந்திக்குத் திரும்பவும் பிரஷர் ஏறியது. நான் கீழே டீவி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேலே குளிசை போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். தலையிடி என்று என்னிடம் சொல்லவில்லை. தேநீரோடு நான் மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சொன்னால் நான் பயந்து ஊரைக் கூட்டிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கூட்டியிருப்பேன். ஆம்புலன்சை, பக்கத்து வீட்டை, தெருவில் போகிறவனை, எல்லாரையும் கூட்டியிருப்பேன்.