இசைத்தட்டைத் துடைத்த காலை

வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலையில் எனக்கு இது பதினெட்டாவது வருஷம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, கைவிரல்கள் சவர்க்காரத்தில் வெடித்துக் கிடக்கின்றன. லண்டனில், கோலியர்ஸ் வுட் பக்கத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் ஆறு வீடு. வாசலில் போனைக் காட்டி வரவைப் பதிந்தவுடன் நேரம் ஓடத் தொடங்கும். அரை மணித்தியாலத்துக்குள் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, தேத்தண்ணி வைத்து, சிரித்த முகத்தோடு இரண்டு வார்த்தை கதைத்தும் முடிக்க வேண்டும். சிரிப்பதற்கென்று அட்டவணையில் நேரம் போடுவதில்லை.

என் வரிசையில் மூன்றாவது வீடு ஓர் ஆங்கிலேய அம்மையாருடையது. தொண்ணூற்றைந்து வயது, கலியாணம் செய்யாதவர், முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். கண்ணில் நடுப்பார்வை போய் ஓரப்பார்வைதான் மிச்சம். அதனால் என்னோடு கதைக்கும்போது சுவரோடு கதைக்கிறார் போலிருக்கும். கால் இரண்டிலும் புண் வராமல் தினமும் கழுவிக் களிம்பு பூச வேண்டும். முதல் இரண்டு கிழமையும் காலைத் தொட அவர் என்னை விடவில்லை. ஆடுற மாட்டை ஆடிக் கறக்க வேணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்க வேணும் என்பார்கள். இவர் இரண்டாவது வகை. அவருடைய தாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், கால் தானாக நீளும்.

தாய் ஓபராப் பாடகியாம். எங்கள் ஊர்க் கூத்தைப் போலக் கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கிற நாடகம் அது. அதில் தாயின் குரல் சொப்ரானோ, பெண்குரல்களில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற குரல். முதல் உலகப்போருக்கு முந்தின காலம். தாயின் தகப்பன் லூயிஷாமில் நிலக்கரி வண்டி ஓட்டினவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடிய பிள்ளையின் குரலைக் கேட்டு, அங்கே ஓர்கன் வாசித்தவர் நல்ல ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனார். பிறகு இரண்டு வருஷம் இத்தாலியில். அர்த்தம் தெரியாமலே இத்தாலிய வரிகளைப் பாடமாக்கினாராம். பூசையில் சமஸ்கிருதம் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை.

திரும்பி வந்து, ஊர் ஊராக ரயிலில் போகிற நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். நாளுக்கொரு கதை. கிழமையில் ஐந்து நாள் மேடையில் செத்தார். ஒரு நாள் காசநோயில், ஒரு நாள் கத்தியில், ஒரு நாள் விஷத்தில். "சாகிறவள்தான் கூடுதல் நேரம் பாடுவாள். அதனால் சாகிற வேஷத்துக்குத்தான் போட்டி" என்று தாய் சொல்வாராம். அதன்பிறகு லண்டனின் பெரிய மேடையில் இரண்டு வருஷம், பூச்செண்டு, பத்திரிகையில் படம். முப்பது வயது தாண்டிக் கொஞ்ச நாளில் ஒரு கடும் காய்ச்சல் வந்து தொண்டையில் இறங்கிக் குரலைக் கொண்டுபோய்விட்டது. அதோடு சரி. பல் வைத்தியர் ஒருவரைக் கட்டி, நாற்பதைத் தாண்டி இந்த ஒரு பெண்ணைப் பெற்றார்.

"எனக்கு அம்மா ஒரு தாலாட்டும் பாடவில்லை" என்று அம்மையார் அடிக்கடி சொல்வார். "வீட்டில் யாரும் சீட்டியடிக்கவும் கூடாது."

உண்மையைச் சொன்னால், இந்தக் கதையில் பாதியை நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. குனிந்து களிம்பு பூசிக்கொண்டே ஓம் ஓம் என்று தலையாட்டுவேன், மனம் அடுத்த பஸ்ஸில் இருக்கும். ஒரே ஒரு இடம்தான் என்னை நிமிர வைத்தது. தாய் இசைத்தட்டுக்குப் பாடின கதை. அந்தக் காலத்தில் மைக் இல்லை. பெரிய தகரக் குழலொன்றின் வாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும். மேல் சுரம் வந்தால் தட்டில் ஒலியைக் கீறுகிற ஊசி தாங்காது. அதனால் பின்னால் ஒரு ஆள் நின்று, உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து இடுப்பில் பிடித்துப் பாடகியைப் பின்னுக்கு இழுப்பான். மெல்லிய இடம் வந்ததும் திரும்ப முன்னுக்குத் தள்ளுவான்.

"தன் வாழ்க்கையில் மிக நன்றாகப் பாடிய இடத்தில்தான் அவரை இழுத்தார்கள்" என்றார் அம்மையார். அவருக்கு அதில் இன்னும் கோபம் இருந்தது. எனக்கும் வந்தது.

இந்த வருஷம் பங்குனி மாதம், அம்மையாரைக் கடற்கரைப் பக்கத்து முதியோர் இல்லமொன்றில் சேர்ப்பதற்கு ஏற்பாடாகியது. ஒன்றுவிட்ட தங்கையின் மகன் ஒருவர் வந்து, இரண்டு பெட்டிகள்தான் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் அம்மையார் அலுமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். கம்பளிச் சால்வைக்குள் சுற்றின ஒரு கறுத்த இசைத்தட்டு. தாய் பாடிய தட்டுகளில் மிஞ்சினது அது ஒன்றுதான். வீட்டுக் கிராமபோனின் சுருள் அறுந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அவர் பேசுகிற குரல் ஞாபகம் இருக்கிறது. பாடுகிற குரலை மறந்துவிட்டேன்" என்றார். "இந்த வீட்டை விட்டுப் போகமுதல் ஒரு தடவை கேட்க வேண்டும். உன்னால் முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் வேலைப் பட்டியலில் பாட்டுப் போடுவது இல்லை. ஆனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், வாய் தவறி ஓம் என்றுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில், மைக் செட் பார்க்கிற அண்ணையைப் பிடித்தேன். பழைய பாட்டுப் பெட்டிகளைச் சேர்த்து வைத்து மனைவியிடம் ஏச்சு வாங்குகிற மனுஷன்.

"அண்ணை, இசைத்தட்டுப் போடுற மெசின் உங்களிட்டை இருக்கோ?"

"இருக்கு. எந்தக் காலத்துத் தட்டு, தங்கச்சி?"

"நூறு வருஷத்துக்கு மேல எண்டு சொல்லுறா."

"அப்ப ஊசி வேற போடோணும். மாத்தித் தாறன். நீங்கள் பாட்டுக் கேக்கிற ஆள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"எனக்கில்லை அண்ணை. எனக்கு நித்திரை கொள்ளவே நேரமில்லை."

"சரி, சரி. போட முதல் தட்டை வடிவாத் துடையுங்கோ, இல்லாட்டி ஊசி துள்ளும். தண்ணி மட்டும் விட்டுக் கழுவிப்போடாதேங்கோ. நடுவில ஒட்டின கடதாசி ஊறிப்போகும்."

துடைக்க வேண்டும், தண்ணீர் படக்கூடாது. பதினெட்டு வருஷமாகத் துடைத்தே பிழைக்கிறவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மையார் வெளிக்கிடுவதற்கு முதல் நாள், மெசினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவரை யன்னலோரக் கதிரையில் இருத்தினேன். தட்டைச் சால்வைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். என் மேற்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற, ஸ்பிரிட்டில், அதாவது மதுசாரத்தில் நனைத்த துணிப் பைக்கற்றை உரித்தேன். கை, கதவுப்பிடி, வெப்பமானி, கட்டில் சட்டம், எல்லாவற்றையும் நாங்கள் அதனால்தான் துடைப்போம். தண்ணீர் இல்லை, உடனே காயும், கிருமியும் சாகும்.

முதல் சுற்றிலேயே துணி கறுத்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம். நூறு வருஷத்து ஊத்தை என்று நினைத்தேன். இன்னொரு துணி உரித்தேன், அதுவும் கறுத்தது. மூன்றாவது துணியால் அழுத்தித் துடைத்தேன். நடுவில் ஒட்டியிருந்த கடதாசியில் படாமல், அதைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டுக் கவனமாகத் துடைத்தேன்.

"என்ன செய்கிறாய்?" என்று அம்மையார் கேட்டார்.

"துடைக்கிறேன். சரியான ஊத்தை."

"நல்லது" என்றார்.

தட்டு மினுங்கவில்லை, சாம்பல் பூத்துப்போய் இருந்தது. காய்ந்தால் சரிவரும் என்று நினைத்து மெசினில் வைத்து ஊசியை இறக்கினேன். அடைமழை தகரக் கூரையில் விழுகிற சத்தம். அதற்குள் வயலினும் இல்லை, மனுஷக் குரலும் இல்லை. அம்மையார் இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. ஊசி அசைந்து அசைந்து உள்ளே வர, நான் துடைக்காமல் விட்ட அந்த இரண்டு விரல் இடத்துக்கு வந்தது.

மழை சட்டென்று விட்டது. ஒரு பெண் பாடினாள்.

எனக்கு அந்தப் பாட்டும் தெரியாது, பாஷையும் தெரியாது. குரல் மேலே மேலே போனது, உச்சத்துக்குப் போன அந்தக் கணத்தில் திடீரென்று தூரமாகியது.

"இழுக்கிறான்" என்றார் அம்மையார். "இப்போது இழுக்கிறான்."

அரை நிமிஷம் இருக்கும். அதோடு தட்டு முடிந்து ஊசி சும்மா உரசியது. எடுத்து வைத்தேன். அம்மையார் அழவில்லை. "என் பிழை" என்றார். "ஈரம் ஊறுகிற அலுமாரியில் இவ்வளவு காலம் வைத்திருந்தேன். நான்தான் அவரைப் பழுதாக்கிவிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனில் தேடியும் பார்த்தேன், இரண்டு வரிதான் இருந்தது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். துணியில் வந்தது ஊத்தை இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அண்ணைக்கும் தெரியவராது, அடுத்த நாள் அவர் போய்விடுவார். பத்து நிமிஷம் பொறுத்தால் போனைக் காட்டிவிட்டு வெளியே போகலாம். களைத்த மனுஷருக்குப் பொய் சொல்வது லேசு, நான் அதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் அவர் அந்த ஈர அலுமாரியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"அலுமாரி இல்லை" என்றேன். "நான்தான். ஸ்பிரிட்டால் துடைத்தேன். அது தட்டைக் கரைத்துவிட்டது. எனக்குத் தெரியாது."

அவர் சுவரைப் பார்த்தார், அதாவது என்னைப் பார்த்தார்.

"துடைத்த துணி எங்கே?"

குப்பைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். கரிபிடித்த மாதிரிக் கிடந்தன. விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். ஸ்பிரிட் இன்னும் முழுதாகக் காயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மணந்துகொண்டிருந்தார்.

"காய்ச்சல் இல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொடப் போனேன்.

"அம்மாவின் குரல் காய்ச்சலில் போகவில்லை. குடித்துக் குடித்துப் போனது. எனக்குத் தெரிந்த நாள் முதல் அவரிடம் இந்த மணம்தான். அவர் செத்த நாளிலிருந்து எல்லாருக்கும் காய்ச்சல் என்றே சொல்லிவந்தேன். உனக்கும் சொன்னேன்."

அவருடைய காலடியில் இருந்துவிட்டேன். போன் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சத்தமிட்டது, அதை நிற்பாட்டினேன்.

"அந்தக் கடைசித் துண்டை இன்னொரு தடவை போடு."

ஊசியைக் கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோய் இறக்கினேன். அந்தப் பெண் திரும்பவும் பாடத் தொடங்கினாள். அம்மையார் துணிகளை மூக்கிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார். குரல் உச்சிக்குப் போய்த் தூரமாகியபோது அவர் தலையாட்டினார்.

"இதுதான் அம்மா" என்றார்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலைக் கழுவிக் களிம்பு பூசினேன், அன்று நான் ஒன்றும் கேட்காமலே கால் இரண்டையும் நீட்டித் தந்தார். அடுத்த நாள் காரில் ஏறும்போது தட்டு அவர் மடியில் இருந்தது. அதைச் சுற்றின சால்வைக்குள்ளிருந்து கறுத்த துணியின் ஒரு நுனி வெளியே தெரிந்தது. நான் குனிந்து அதை உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினேன்.