மச்சம் சாப்பிடாத பிள்ளைக்கு ஒரு பேஸ்மென்ற்

வீடில்லாத கறுப்பின இளையோருக்கு வாடகை வீடு தேடிக் கொடுக்கும் குழுவில் நானும் இருப்பது உங்களுக்குத் தெரியும். இன்று பத்தொன்பது வயது நவோமியை ரூஜ் பகுதியில் ஒரு தமிழ் வீட்டின் கீழ்த்தளத்துப் பேஸ்மென்ற் பார்க்கக் கூட்டிப் போனேன். இந்த மாத முடிவோடு அவள் ஷெல்டரை விட்டு வெளியேற வேண்டும்.

வீட்டுக்கார அம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில்,
"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நாங்கள் சைவம். உவை மச்சம் சமைப்பினம்," என்றார்.

நவோமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். முட்டை கூடச் சாப்பிடுவதில்லையாம்.

"முட்டையுமோ? எங்கட கேக்கிலயே முட்டை இருக்கு!"

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிளேன்ரீ வந்தது, வடை வந்தது. மிச்ச வடையைப் பார்சல் கட்டி நவோமியின் கையில் கொடுத்தார்.

"அப்ப வீடு?" என்றேன்.

"இவரைக் கேட்டுச் சொல்லுறன், ரீச்சர்."

மாலையில் செய்தி வந்தது: "தனிய இருக்கிற பொம்பிளைப் பிள்ளைக்குக் குடுக்க இவருக்கு விருப்பமில்லை. வடை வேணுமெண்டா எப்பவும் வரச் சொல்லுங்கோ."

பரீட்சையில் பதில் சரியென்றால் புள்ளி போடுவோம். பதில் சரியானதும் கேள்வியை மாற்றுவதை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. ஆனால் அந்த அம்மாவின் அன்பும் பொய்யில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

கேள்வியை மாற்றாத வீட்டுக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?