ஒரு நாள் இரவல் கால்

ஆமிச் சிப்பாயாக இருந்து காலைக் கொடுத்த ஹபீல், கண்டிக்குப் போவதற்காக ஒரு கால் வாடகைக்கு எடுத்தாராம். அலவத்துகொடத் தேநீர்க் கடையில் இப்படியொரு கதை. கால் வாடகைக்கு விடும் கடை எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. நாள் வாடகையை மட்டும் ஆளுக்கொரு தொகையாகச் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்ததில் கதையில் பிழை ஒன்றுதான். வாடகை அல்ல, இரவல்.

ஹபீலின் இடது கால், முழங்காலுக்குக் கீழே, வடக்கில் ஒரு மிதிவெடியோடு போனது. அதற்கு மாதாமாதம் கொடுப்பனவு வருகிறது. சாமான் விலை ஓடுகிற ஓட்டத்தில் அது பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது என்றாலும், வீட்டு அரிசியும் மகள் ஸஹ்ராவின் டியூஷனும் அதில்தான். போதாததை உழைத்துக்கொள்ளட்டும் என்று, கட்டாரிலிருக்கும் தம்பி நல்ல செயற்கைக் கால் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு ஹபீல் ஏணியேறி மிளகு பறித்தார். அதை யாரோ பார்த்தார். பார்த்தவர் பெட்டிசன் போட்டார்: ஏணி ஏறுகிறவனுக்கு எதற்கு அங்கவீனக் காசு? பெயர் போடவில்லை. நாட்டின் மீது அவ்வளவு அக்கறை உள்ளவர்கள் பெயர் போடுவதில்லை.

மருத்துவ சபை மறுபடி கூப்பிட்டது. அங்கவீன வீதம் குறைந்தால் காசும் குறையும். காசு போதாமல் வந்த காலே காசை வெட்ட வந்து நின்றது.

ஹபீல் பக்கத்து வீட்டு ராஜரத்தினத்திடம் போனார். ராஜரத்தினம் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போன காலத்தில், பஸ்ஸில் வெடித்த குண்டு அவருடைய இடது காலையும் அதே இடத்தில் எடுத்திருந்தது. சீருடை இல்லாமல் போன கால். அதற்கு மாதக் காசு கிடையாது. வார் போட்டுக் கட்டும் பழைய பொய்க்கால் ஒன்று மட்டும் உண்டு. அதில் நடந்தால் பார்க்கிறவருக்கே வலிக்கும். ஹபீலுக்கு வேண்டியதும் அதுதான்.

"கொண்டு போங்க நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் ராஜரத்தினம். "என்னைய எந்த போர்டும் கூப்பிடப் போறதில்ல."

மனைவி பாயிஸாவுக்குப் பிடிக்கவில்லை. "நல்ல கால் ஊட்டுல இருக்கெக்க, அடுத்தவன்ட கால மாட்டிக்கிட்டுப் போறீங்களே. புடிச்சிட்டா உள்ள காசும் போகும்."

ஹபீல் அதை மாட்டிக்கொண்டு கண்டி பஸ் ஏறினார். பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும் முன்பே நொண்ட நடிக்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ராஜரத்தினம் மெலிந்தவர், கால் இறுக்கிப் பிடித்தது.

மருத்துவ சபையில், கதவிலிருந்து ஜன்னல் வரை நடக்கச் சொன்னார் வைத்தியர். பாதி வழியில் வார் அறுந்தது. ஹபீல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழற்றிப் பார்த்தபோது உள்ளே இரத்தம். வைத்தியர் பொய்க்காலின் பாதத்தைப் பார்த்தார். ஹபீலின் வலது பாதத்தைப் பார்த்தார். அளவைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல. இது யாருடைய கால் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஹபீலும் சிங்களத்திலேயே சொன்னார்: "கூட்டாளிட கால் டொக்டர். என்ட கால் நல்லது. அதைப் போட்டா நடப்பன். நடந்தா வெட்டுவீங்க."

வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தார். பிறகு, இழந்த காலை அளந்து பழைய வீதத்தையே போட்டார். நடை பற்றிய கட்டத்தை வெறுமையாக விட்டார். வெறுமையாக விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி வரவேண்டுமாம், சொந்தக் காலோடு. அதுவரை அரிசிக்கும் டியூஷனுக்கும் ஆபத்தில்லை.

புண் ஆறும்வரை ஹபீல் நல்ல காலையும் போட முடியாமல் வீட்டில் இருக்கிறார். மிளகு கொடியிலேயே பழுக்கிறது. அதுவரை தன் காலைப் போட்டுப் பார்க்கும்படி ராஜரத்தினத்திடம் சொல்லியனுப்பினாராம். "நான் ஏணி ஏறுனா பெட்டிசன் போடுவாங்களா? போடட்டும். எனக்கு வெட்டுறதுக்கு என்னா இருக்கு?" என்று சிரித்தாராம் அவர். ஆனால் நல்ல கால் அவருக்குத் தொளதொளவென்று ஆடுகிறது. ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். அக்குறணை செருப்புத் தைப்பவரிடம் அந்தப் பழைய மாதிரி வார் இல்லை. கண்டியில் தேடித் தருவதாக ஹபீல் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு வாங்கிய காலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.