அண்ணியின் பிக்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் எல்லோருக்கும் அண்ணிதான். இசையமைப்பாளர் அவளுடைய கணவரின் தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டு வயலின்காரர்கள் கூப்பிட்டார்கள், வயலின்காரர்களைக் கேட்டு வாசலில் நிற்கும் காவலாளி கூப்பிட்டார். அவளைவிடப் பத்து வயது மூத்த டிரம்ஸ்காரர்கூட, "அண்ணி, சுருதி சேத்தாச்சா?" என்று கூச்சமில்லாமல் கேட்பார். பத்தொன்பது வருஷம் அவள் அங்கே கிட்டார் வாசித்தாள். பாட்டு வெளியாகும்போது போடுகிற பெயர்ப் பட்டியலில் வயலினுக்கு ஆறு பெயர் இருக்கும், புல்லாங்குழலுக்கு ஒரு பெயர் இருக்கும், கிட்டாருக்கு நேராக 'குழுவினர்' என்று இருக்கும். வீட்டு ஆளின் பெயரைப் போட்டால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று கொழுந்தன் முதல் தடவை சொன்னான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு அவசரத்துக்குத்தான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கொழுந்தன் அப்போது யாருக்கும் தெரியாத பையன். வீட்டுப் படுக்கையறையில் சுவரோடு மெத்தையைச் சாய்த்து வைத்துத் தன் முதல் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தான். வருவதாகச் சொன்ன கிட்டார்காரர் கம்பி நீட்டிவிட்டார். அண்ணி கல்லூரியில் வாசித்தவள் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. கிட்டார் கிடைத்தது, கம்பியை மீட்டுகிற வில்லையான பிக் கிடைக்கவில்லை. அவள் சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை எடுத்து, கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டி, முனைகளை நகவெட்டியின் அரத்தில் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த மூடி காகிதம் மாதிரி மெல்லிசு. கம்பியில் பட்டதும் வளைந்தது, வளைந்து நழுவியது. அதனால் ஆறு கம்பியும் ஒரே அளவாக ஒலித்தன. ஒவ்வொரு வீச்சிலும் சுரம் பிறப்பதற்கு ஒரு கணம் முன்னால் 'சிக்' என்று ஒரு சின்ன சத்தம் விழுந்தது. பாட்டு பிரபலமானபோது, கிட்டாரோடு இவ்வளவு ஒட்டிப்போகிற கிலுக்கை வாசித்தது யார் என்று பலர் கேட்டார்கள். அந்தப் பாட்டில் கிலுக்கே கிடையாது.

பிறகு அவள் நல்ல பிக்குகளாக வாங்கிச் சேர்த்தாள். பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றில் முப்பது நாற்பது இருக்கும். மெல்லிய நைலான், நடுத்தரமான செல்லுலாய்டு, நாணயம்போலக் கனமான அக்ரிலிக். பாட்டின் மெட்டைக் கேட்டுவிட்டுக் கூட்டைத் திறந்து விரலால் துழாவுவாள். கொழுந்தன் ஒரு தடவை, இந்த இடம் இன்னும் கொஞ்சம் சோகமாக வேண்டும் என்றான். கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கொத்தை, மாற்றலாமா, வேகத்தைக் குறைக்கலாமா என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த பிக்கைத் திருப்பி, கூர்முனைக்குப் பதிலாக உருண்டையான தோள்பக்கத்தால் வாசித்தாள். விளிம்புகள் மழுங்கி, பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது சத்தம். கொழுந்தன் "அதுதான், அதுதான்" என்றான். அவள் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். ஒலிப்பதிவாளர். அவருக்குக் 'காது' என்று பட்டப்பெயர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே, "நேத்து வச்சிருந்த பிக் இல்லையே இது" என்பார். அப்படி அவர் சொல்கிற நாட்களில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு நடை கொஞ்சம் லேசாக இருக்கும்.

இருபதாவது வருஷம் கொழுந்தன் ஒரு யோசனை சொன்னான். அண்ணி வாசிக்கிற கார்ட் ஒவ்வொன்றையும், பிக் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்றான். ஒரு ஆவணம் மாதிரி இருக்கட்டும். நாளைக்கே அவளுக்குக் கை வலி என்றால் வேலை நிற்கக் கூடாது பாருங்கள் என்றான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளுடைய கைக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவன் கேட்கிறான்.

ஒரு வாரம், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சுச் சத்தம்கூடப் படாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கார்டும் கீழ் வீச்சு, மேல் வீச்சு, மெதுவாக, நடுத்தரமாக, பலமாக. இடையிடையே அவளே விளக்கினாள். பிக்கைக் கம்பிக்கு நேராகப் பிடித்தால் சத்தம் பளிச்சென்று வரும், கொஞ்சம் சாய்த்தால் கம்பியின் சுற்றில் உரசிக்கொண்டு கரகரப்பு சேரும். முனைக்குப் பக்கத்தில் பிடித்தால் கட்டுப்பாடு, தள்ளிப் பிடித்தால் அசைவு. "மெல்லிசு கம்பிக்கு விட்டுக்கொடுக்கும் தம்பி. தடிச்சதுக்குக் கம்பிதான் விட்டுக்கொடுக்கணும்" என்றாள். கொழுந்தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். ஐந்தாம் நாள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. தடித்த பிக்கை இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். கடைசி நாள் பயன்படுத்திய நைலான் பிக்கின் ஓரம் பிளந்து போயிருந்தது. அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு நாலு மாதம் அவளுக்கு அழைப்பு வரவில்லை. கொழுந்தனுக்குப் பாட்டு இல்லையோ என்று முதலில் நினைத்தாள், பாவம் என்றுகூட நினைத்தாள். ஒரு நாள் காய்கறி அங்காடியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் புதுப் பாட்டு ஒன்று ஓடியது. கொழுந்தனின் பாட்டு. கிட்டார் நன்றாகத்தான் இருந்தது. அட, யாரோ நன்றாக வாசிக்கிறார்களே என்று கேட்டுக்கொண்டே வந்தவள், மேல் வீச்சில் ஒரு சிறு கீச்சு விழுவதைக் கேட்டாள். அடுத்த தாளச் சுற்றிலும் அதே இடத்தில் விழுந்தது. அது ஓரம் பிளந்த நைலானின் சத்தம். பல் விழுந்த சீப்பை நகத்தால் இழுத்தது போல. கூடையில் போட்டுவிட்டு வந்தாளே, அந்தப் பிக்.

வெங்காயப் பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து ஒலிப்பதிவாளர் காதுக்குப் போன் செய்தாள். அவர் இழுத்து இழுத்துப் பேசினார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அவள் வாசிப்பாள் என்றார். எந்தப் பிக் என்பதற்குத் தனியாக ஒரு பொத்தான். மற்ற இசையமைப்பாளர்களும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று அவள் கேட்டாள். காது முதலில் வேறு பேச்சுக்குத் தாவப் பார்த்தார். பிறகு கொழுந்தனின் பெயரைச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். அவள் பரிமாறி முடித்தாள், தானும் உட்கார்ந்தாள், பிறகுதான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அத நீங்க வாசிச்சதாவே நினைக்கக் கூடாது அண்ணி," என்றான் அவன். "அது வெறும் சத்தம். கிட்டார் என்னோடது, மைக் என்னோடது, ரூம் என்னோடது."

"பிக் என்னோடது தம்பி."

அவன் சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தாள். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள். பணத்தில் அவன் குறை வைத்ததில்லை, அந்த வாரத்துக்கும் கேட்டதற்கு மேலேயே கொடுத்திருந்தான், அதையும் மறக்காமல் சொல்லிக்காட்டினான். அவள் கணவர் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்ப்பவர், யாரோடும் மனஸ்தாபம் ஆகாதவர். "சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்றார். தம்பியைப் பார்த்துச் சொன்னாரா, அவளைப் பார்த்துச் சொன்னாரா என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எழுந்துபோய்த் தயிர் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கொழுந்தன் அண்ணனுக்குப் போன் செய்தான். வாங்கியவர்கள் எல்லோரும் தடித்த பிக்கின் சத்தம் ஏன் இல்லை என்று கேட்கிறார்களாம். இரண்டே நாள் வேலை. கணவர் சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத்தான் அவளிடம் வந்தார்.

"நீங்களே போய் வாசிச்சிட்டு வாங்களேன்," என்றாள்.

"நம்ம வீட்டுப் பையன்மா. விட்டுக்கொடுத்துப் போனா என்ன கொறஞ்சிடப் போற?"

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். மறுநாள் போகிறேன் என்றாள். போவதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. மோசமாக வாசிக்கப் போகிறாள். அப்பட்டமாக அல்ல. காதுக்கு மட்டும் லேசாக நெருடுகிற மாதிரி, அவரும் விட்டுவிடுகிற மாதிரி, ஒவ்வொரு கார்டிலும் ஒரு சிறு பிசகு. வாங்குகிறவர்கள் எல்லோரும் தலையைச் சொறியட்டும்.

கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அக்ரிலிக்கை எடுத்தாள். ஸி மேஜர். பிக்கை இறுகப் பிடித்துக் கம்பியில் மோதினாள். தடித்த பிக்கை இறுகப் பிடித்தால் அது கம்பியை உழும், கீழ்க் கம்பிகள் உறுமும், மேல்கம்பிகள் காணாமல் போகும். அப்படியே ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காது, "இன்னொண்ணு எடுத்துக்கலாம் அண்ணி" என்றார்.

இரண்டாவது தடவை அவள் அதேபோல் இறுக்கத்தான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. கம்பியைத் தொடும் முன்பே பிடி தானாகத் தளர்ந்தது, பிக் ஒரு இம்மி சாய்ந்தது, மணிக்கட்டு இறங்கியது. உருண்டு திரண்ட சத்தம் அறையை நிறைத்தது. மெல்லிய பிக்கில் வருகிற 'சிக்' கொஞ்சமும் இல்லை, மரத்தின் குரல் மட்டும். அடுத்த கார்டில் மறுபடி முயன்றாள். அதுவும் நன்றாக வந்தது. எப்படிக் கெடுப்பது என்று கைக்குத் தெரியவில்லை. அவள் கையின் மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருபது வருஷமாக யாருக்கு என்று கேட்காமல் வாசித்துப் பழகிய கை, இன்றைக்கும் கேட்காமல் வாசித்தது. சந்தோஷப் பாட்டுக்கான பன்னிரண்டு மேஜர் கார்டும் முடிந்தபோது காது தலையைத் தூக்கி, "அண்ணி, இதுவரைக்கும் எடுத்ததிலேயே இதுதான்" என்றார். மெய்யாகவே சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளை. அதற்குப் பிறகு சோகப் பாட்டுக்கான மைனர் கார்டுகள். அவள் கிட்டாரைத் தாங்கியில் நிறுத்தி வைத்தாள், வளையல்களைப் போட்டுக்கொண்டாள், கூட்டை மூடிப் பையில் வைத்தாள். நடைவழியில் கொழுந்தன் எதிரே வந்தான்.

"என்ன அண்ணி, கெளம்பிட்டீங்க? மைனர் பாக்கியிருக்கே."

"அத நீங்களே வாசிச்சுக்கங்க தம்பி. உங்க பேருதான இருக்கு."

அவன் முகம் சுண்டியது. நகைச்சுவை இல்லை என்று இந்தத் தடவை புரிந்துவிட்டது. வாசல்வரை பின்னாலேயே வந்தான், குடும்பம், மரியாதை என்று ஏதேதோ சொன்னான். அவள் பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாள். அன்றைக்கு மட்டும் ஒரு நிறைவு இருந்தது. சந்தோஷம் மட்டுமே உள்ள தடித்த பிக், சோகத்துக்கு வழியில்லாத தடித்த பிக், எதை வைத்து விற்பான் பார்ப்போம் என்று நினைத்துத் தனியே சிரித்துக்கொண்டாள்.

விற்றான். காது பிறகு ஒரு நாள் கூச்சத்தோடு சொன்னார். ஒரு மேஜர் கார்டை மைனராக்க ஒரே ஒரு சுரத்தை அரைப்படி இறக்கினால் போதும். கம்ப்யூட்டரிலேயே இறக்கிவிட்டார்கள். அரை நாள் வேலை. வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. அவரே கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தாராம், அவருக்கே தெரியவில்லையாம். அவள் கேட்டால் தெரியும். அவள் கேட்கவில்லை.

கணவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் தம்பியின் வீட்டு விசேஷங்களுக்குத் தனியாகப் போனார். தொழிலில் இருந்த மற்றவர்கள் அவளை அழைக்கவில்லை. அழைப்பதற்குத் தேவையும் இல்லை, எல்லோரிடமும் அவள் இருந்தாள்.

இப்போது அவள் ஒரு இசைக்கருவிக் கடையில் வேலை பார்க்கிறாள். கம்பிகள், பிக்குகள், உறைகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டி அவள் பொறுப்பு. போன வாரம் ஒரு வங்கி ஊழியர் வந்தார், நாற்பது வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர். கொழுந்தனின் பெயரைச் சொல்லி, அவர் பாட்டில் கேட்கிற கிட்டார் சத்தம் வருவதற்கு எந்தப் பிக் வேண்டும் என்று கேட்டார். அவள் மெல்லிய நைலானை எடுத்து வைத்தாள். தளர்வாகப் பிடிக்கணும், முனையிலிருந்து தள்ளிப் பிடிக்கணும் என்று சொல்லத் தொடங்கினாள்.

"இல்லைங்க மேடம், தடிச்சதுதான்," என்றார் அவர். "அவரே பேட்டியில சொல்லியிருக்காரு. கனமான பிக்க எடுத்து, இறுக்கிப் பிடிச்சு அடிக்கணுமாம். அதுதான் அவரோட ரகசியமாம்."

அவர் அந்தப் பேட்டியைக் கைப்பேசியில் தேடிக் காட்டவும் தயாராக இருந்தார். வேண்டாம் என்றாள். நைலானை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றரை மில்லிமீட்டரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.