கெசீனாவை விட்டுப் போகாத தேனீக்கள்

மூடியைத் திறப்பதற்கு முன்பு கெசீனா குவாஸ்ட் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு விரலால் தட்டி, காது வைத்துக் கேட்கிறார். பிறகு வாயில் கிடக்கும் அதிமதுர மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றுகிறார். மாற்றின பிறகுதான் மூடி திறக்கும். கையுறை போட்டு நான் பார்த்ததில்லை. வலைத் தொப்பி ஒன்று உண்டு. அது அவருடைய காரின் பின் கண்ணாடி ஓரத்தில் வெயிலில் கிடந்து மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

"மெதுவா வாங்க, வழி உங்களுக்குத்தான்" என்று தேனீக்களிடம் சொல்கிறார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவருக்குத் தொழில். அணைக்கரையை ஒட்டிய ஏழு ஊர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள். அவர் இருக்கைக்குக் கீழே தனி பிரேக் இருக்கிறது. முப்பது வருடமாக அதை மிதித்து மிதித்து, பழக்கம் காலோடு ஒட்டிவிட்டது. கடையில் யாராவது தட்டை வேகமாக வைத்தாலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். சங்கத்துக்காரர்கள் முன்னால் நான் என் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கால் நான்கைந்து முறை அழுத்துகிறது. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எங்கள் தேனீ வளர்ப்போர் சங்க இதழில் ஒவ்வொரு காலாண்டும் ஓர் உறுப்பினரைப் பற்றி எழுதுவது என் பொறுப்பு. கெசீனாவின் முறை வந்து மூன்று இதழ் ஆகிறது. ஒருமுறை மெழுகு உருக்குகிற கிழவரை முன்னால் இழுத்துப் போட்டேன். ஒருமுறை கைவலி என்றேன். ஒருமுறை காரணமே சொல்லவில்லை. உண்மைக் காரணம் பொறாமை. அறுபத்திரண்டு வயதில், ஆப்பிள் குளிர்கிடங்கில் பொறுப்பான பதவியில் இருக்கிற ஒருவன் இதை எழுதுவது அழகல்ல. இருந்தாலும் அதைச் சொல்லாமல் இந்த அம்மாளைப் பற்றி என்னால் ஒரு பத்திகூட எழுத முடியவில்லை.

மே மாதம் வந்தால் எங்கள் நாற்பத்தொரு பேருக்கும் தூக்கம் போய்விடும். செர்ரி பூத்து, ஆப்பிள் பூத்து, பெட்டிகள் நிரம்பி வழியும். இடம் போதாமல் போனதும் தேனீக்கள் புது ராணிக்கு அறை கட்டிவிட்டு, பழைய ராணியைக் கூட்டிக்கொண்டு பாதிப்பேர் வெளியே கிளம்பிவிடும். கண்ட இடத்தில் கொத்தாகத் தொங்கும். என்னுடையவை பேருந்து நிறுத்தத்தில் தொங்கியிருக்கின்றன, அணையில் மேயும் செம்மறிகளின் வேலியில் தொங்கியிருக்கின்றன, ஒரு கல்யாணத்தன்று தேவாலய வாசலிலும் தொங்கியிருக்கின்றன. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே ஓடாதவர் எங்கள் சங்கத்தில் ஒருவர்தான். பத்தொன்பது வருடத்தில் கெசீனாவின் பெட்டியிலிருந்து ஒரு கூட்டம்கூடக் கிளம்பியதில்லை. கூட்டங்களில் சங்கத் தலைவர் ஃபோல்மர் அந்தப் பத்தொன்பதை ஏதோ தன்னுடைய சாதனை மாதிரி சொல்வார். கெசீனா காப்பியைக் கலக்கிக்கொண்டிருப்பார். அந்த அடக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

என்ன வித்தை என்று யாராவது கேட்டால் ஒரே பதில். "கிளம்பணும்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா தடுக்க முடியாதுங்க. நாமளே முந்திக்கிட்டுப் பிரிச்சு விட்டுடணும். போயிட்டோம்னு அவங்களுக்குத் தோணிட்டா போதும், அப்புறம் ஏன் போறாங்க?" பெட்டியை இரண்டாகப் பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எங்கள் இதழிலேயே படத்தோடு வந்திருக்கிறது. தெரிந்தும் எங்கள் கூட்டங்கள் பறக்கின்றன, அவருடையது பறப்பதில்லை.

எங்கள் இருவருக்கும் ஸ்டெக்மனுடைய பழத்தோட்டத்தில் இடம். கிழக்கு மூலையில் அவருடைய ஒன்பது பெட்டி, மேற்கு மூலையில் என்னுடைய ஒன்பது. செர்ரி முடிந்ததும் ஆப்பிள், ஆப்பிள் முடிந்ததும் சாலையோர லிண்டன் மரங்கள் என்று ஜூலை வரை பூ ஓயாத இடம் அது. பன்னிரண்டு வருடமாக அந்த மூலை என்னுடையது. அது இல்லையென்றால் நான் கொல்லையில் இரண்டு பெட்டி வைத்துப் பொழுதுபோக்கும் ஓர் ஆசாமி, அவ்வளவுதான்.

ஸ்டெக்மனுக்குத் தேனீ வேண்டும், ஆனால் தேனீயின் பக்கத்தில் நிற்க வேண்டாம். போன வருடம் என் கூட்டங்கள் நான்கு தடவை அவருடைய பண்ணைக் கடைப் பக்கம் போய்த் தொங்கின. நாலாவது தடவை காப்பி குடிக்க வந்த ஒரு பேருந்துக் கூட்டமே திரும்ப ஏறிப் போய்விட்டது. பிப்ரவரியில் கிளை நறுக்கும்போது எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் இன்னும் ஒரு கூட்டம் என் கேக் மேஜைக்கு வந்துச்சுன்னா, யாரோடதோ அவங்க பெட்டியை எல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம். ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

ரெண்டு பேருக்கும் என்று சொல்லும்போது என்னை மட்டும்தான் பார்த்தார்.

ஆகவே மே மாத முதல் வாரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பனியிலிருந்து பூக்களைக் காப்பாற்றத் தண்ணீர் தெளிக்கிற பம்பு, அதற்கு ஒரு தகரக் கொட்டகை. அதன் பின்னால் தொலைநோக்கியோடு நின்று கெசீனா பெட்டி பிரிப்பதைப் பார்த்தேன். மிட்டாய் கன்னம் மாறியது. மூடி திறந்தது. அடைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூன்று சட்டங்களைத் தேனீக்களோடு சின்னப் பெட்டி ஒன்றுக்கு மாற்றினார். இன்னும் இரண்டு சட்டத்தை அதன் மேல் உதறினார். மூடினார், காரில் ஏற்றினார், போய்விட்டார். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமே வந்தது.

அந்த வார சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கெசீனா சொன்னார்: "ஹின்ரிக், வியாழக்கிழமை இன்னும் ரெண்டு பெட்டி பிரிக்கிறேன். பம்பு ஷெட்டுப் பின்னாடி நிக்கறதுக்கு பக்கத்துலயே வந்து நில்லுங்களேன். அங்கேர்ந்து பாத்தா பாதிதான் தெரியும்."

ஃபோல்மர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த வெண்ணெய்க் கேக் மேஜைக்கு வந்துவிட்டது.

"வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

வேலை இல்லை. வியாழக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை நானே பிரித்தேன். ஒன்பது பெட்டியிலும் முட்டையும் புழுவும் உள்ள மூன்று மூன்று சட்டங்களைச் சின்னப் பெட்டிகளுக்கு மாற்றி, ராணிகளை மட்டும் பத்திரமாகப் பழைய பெட்டியிலேயே வைத்தேன். ராணியை யாராவது வெளியே அனுப்புவார்களா? ஒவ்வொன்றும் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ராணி. சின்னப் பெட்டிகளைக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இந்த வருடம் கெசீனாவும் நானும் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பெந்தகொஸ்து திங்கட்கிழமை, விடுமுறை. ஸ்டெக்மனின் மரங்களுக்கு அடியில் இருபது மேஜை, அத்தனையிலும் ஆள். நான் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மேஜை தள்ளி கெசீனா, பரீட்சையில் நாலாவது தடவை தோற்ற ஒரு விதவை அம்மாளுக்கு ஸ்பூன்களை வைத்துச் சாலைச் சந்திப்பு விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி வாக்கில் மேற்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தேனீ வளர்க்கிறவனுக்கு அது காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் விழும். வானம் கொஞ்சம் கறுத்தது. ஆட்கள் எழுந்து ஓடினார்கள். கூட்டம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கேக் மேஜைக்கு மேல் விரித்திருந்த குடையின் ஓரத்தில் இறங்கி, பூசணிக்காய் அளவுக்குத் தொங்கியது.

ஸ்டெக்மன் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரோடது?" என்று அங்கிருந்தே கத்தினார்.

கெசீனா அதற்குள் ஆப்பிள் அட்டைப்பெட்டி ஒன்றையும், காரிலிருந்து வாத்து இறகையும் எடுத்து வந்துவிட்டார். நாற்காலி மேல் ஏறினார். "இதைப் பிடிங்க" என்று பெட்டியை என்னிடம் தந்தார். பிடித்தேன்.

என் ராணிகளுக்கு நான் எண் ஒட்டுவேன். கடுகு அளவில் ஒரு பச்சை வில்லை, அதில் எண், முதுகில் பசை வைத்து ஒட்டுவது. கெசீனா ஒட்டமாட்டார், "அவங்களுக்கு அவங்களைத் தெரியும்" என்பார். என் எண்களைப் பூதக்கண்ணாடி வைத்து நானே ஸ்டெக்மனுக்குக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன்.

அந்தக் கொத்தின் மேல்புறம், நூற்றுக்கணக்கான தேனீக்களுக்கு நடுவே, ராணி நடந்து போயிற்று. முதுகில் பச்சை. முப்பத்தேழு. என்னிடம் இருப்பதிலேயே நல்ல ராணி.

கெசீனாவும் பார்த்துவிட்டார். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "கிழவியை அனுப்ப மனசு வரலையாக்கும். போகணும்னு நினைச்சதே அவதான். அவளை வீட்டுல வெச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்பிட்டீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சின்னப் பெட்டியில் அவர் எடுத்துப்போனது பழைய ராணியை. பாதிதான் தெரியும் என்றாரே, எனக்குத் தெரியாமல் போன பாதி அதுதான்.

"கெசீனா! முதுகுல நம்பர் இருக்கா பாரும்மா!" ஸ்டெக்மன் நாலடி முன்னால் வந்திருந்தார். "இருந்தா இவரோடது. இன்னைக்கே இவரு பெட்டியெல்லாம் கட்டிக்கட்டும்."

கெசீனா ராணியை இரண்டு விரலால் எடுத்தார். குடைக்கம்பியின் பக்கம் திரும்பி, ஒரு கணம் குனிந்தார். பிறகு கையை நீட்டி ஸ்டெக்மனுக்குக் காட்டினார்.

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் முதுகு. என்னோடதுதான்."

அன்றைக்குக் காப்பிக்கு வந்திருந்த ஃபோல்மர் தன் மேஜையிலிருந்து எழுந்து, "கெசீனாவோடது ஓடிருச்சாம்பா!" என்று கைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏழு ஊருக்கும் தெரிந்துவிடும். பத்தொன்பது வருடம் அங்கே, கேக் மேஜைக்கு முன்னால் முடிந்துபோனது.

"நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அந்த மேற்கு மூலையும் லிண்டன் மரங்களும் கண் முன்னால் வந்தன. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டெக்மனும் இந்த இதழை வாங்குகிறவர். அது தெரிந்துதான் இதை இப்போது எழுதுகிறேன்.

கெசீனாவின் பெட்டிகளை ஸ்டெக்மன் கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த மனிதர் சிரித்தார். "பத்தொன்பது வருஷத்துல ஒண்ணுதானேம்மா. போகட்டும் விடு. உனக்கெல்லாம் ஒரு தடவை உண்டு." அதோடு விட்டாரா? உள்ளே போய், புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக்கில் பெரிய துண்டாக வெட்டி, கிரீம் வைத்து, தானே தட்டில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எனக்கு ஒரு தடவைகூடக் கேக் கொண்டுவந்ததில்லை அவர். என் தலை தப்பியிருக்கிறது, அதைத் தப்ப வைத்தவர் பக்கத்தில் நிற்கிறார், எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ வயிற்றெரிச்சல். குற்றத்தைக்கூட இந்த அம்மாள் என்னைவிட நன்றாகச் சுமக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

கெசீனா கூட்டத்தைப் பெட்டிக்குள் உதறி, கடைசிச் சிலவற்றை இறகால் தள்ளி, மூடியைச் சாத்தினார். நாற்காலியிலிருந்து இறங்கி என் எதிரே உட்கார்ந்தார். கேக்கில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு இடது கட்டைவிரல் நகத்தைத் தட்டின் ஓரத்தில் ஒருமுறை தேய்த்துவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினார். ஓரத்தில் கடுகு அளவில் ஒரு பச்சை வில்லை ஒட்டியிருந்தது.