கச்சான் காற்றில் பாடிய பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையில் மனிதர் உட்கார இடமில்லை. காசு போட்டால் பாடும் பழைய கிராமபோன் பெட்டிகள் அங்கே குடியிருக்கின்றன. ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை, ஒன்றுக்குச் சாவி இல்லை, இன்னொன்று கடலோடு கலக்கும் எங்கள் வாவியின் உப்புக் காற்றில் துருவேறி இருமிக்கொண்டே பாடும். வருகிறவர்கள் "விக்கிறதுக்கா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்கிறவனா இப்படி எண்ணெய்க் கையோடு திரிவான்?

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மனைவி கனடா போனாள். என்னையும் கூப்பிட்டாள். "இந்தப் பெட்டியள விட்டுப்போட்டு எப்பிடி வாறது?" என்றேன். "அப்ப அதுகளோடயே இரிங்க" என்று போனவள்தான். பேத்தி நடக்கவும் தொடங்கிவிட்டாள், இவள் திரும்பி வருகிற கதையையே காணோம். அவளுடைய செருப்புச் சத்தம் இல்லாத வீடு எனக்குத் தாங்க முடியவில்லை.

இத்தனை பெட்டிகளும் ஒரேயொரு பெட்டியைத் தேடப்போய்ச் சேர்ந்தவை. நான் இளந்தாரியாக இருந்தபோது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில் எங்கள் தோணித்துறைத் தேத்தண்ணிக் கடை வாசலில், வாவியைப் பார்த்தபடி அந்தப் பெட்டி நின்றது. சாவியை முறுக்கிச் சதுர ஐந்து சதத்தைப் போட்டால், எப்போதும் அதே ஒரு பாட்டு. என் மனைவி எதிரே, வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்காரி. பின்னேரங்களில் தகப்பனின் தோணியை எதிர்பார்த்து மீன்கூடையோடு அக்கரையில் நிற்பாள். அவளைக் கண்டதும் காசைப் போடுவேன். பாட்டு முடியுமட்டும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பாட்டுத்தான் எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்தது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தேன். அவள் பக்கத்திலிருந்து சிரிப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

போன மாதம் ஏறாவூர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் போனில் கோல் எடுத்தார். "ஐயா, ஓடி வாங்க. நீங்க சொல்ற மாதிரி ஒண்டு வந்து கிடக்கு."

தலைகால் தெரியாமல் ஓடினேன். மேற்பலகையில், அந்நாளில் தேத்தண்ணிக் கடைக்காரர் சுடுசட்டி வைத்துக் கருகிய வட்டத் தழும்பு. அதே பெட்டி! ஓட்டோவில் அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்தேன். எந்தப் புண்ணியவானோ சுருள்வில்லுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசினாக்கி வைத்திருந்தான். அவனைத் திட்டித் திட்டி மண்ணெண்ணெயால் கழுவினேன். அந்தப் பழைய இசைத்தட்டும் உள்ளேயே இருந்தது. இந்தப் பாட்டைக் கேட்டால் அவள் வந்துவிடுவாள். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

வீடியோ கோலில் அவளைப் பிடித்துப் போனைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். காசைப் போட்டேன். கரகரத்தாலும் பாடியது. அவள் போனுக்குக் கிட்ட வந்து பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"என்ன புள்ள, ஞாபகமில்லையா?"

"பெட்டி ஞாபகம் இருக்கு. பாட்ட இப்பதான் கேக்கிறன்."

"உனக்கென்ன விசரா? அக்கரையில நிண்டு நிண்டு கேட்டியே!"

"அது கச்சான் அடிச்ச காலம். கச்சான் எங்கட பக்கத்தால வந்து உங்கட பக்கம் போற காத்து. உங்கட பாட்டெல்லாம் கடலுக்குத்தான் போயிருக்கும். எங்கட கரைக்கு ஒரு சொட்டும் கேக்கல்ல."

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் காற்று எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் போயிற்றே! வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அப்ப என்னத்துக்குக் காத்துக்கொண்டு நிண்ட நீ?"

"உங்களப் பாக்கத்தான்." பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இப்பயும் அப்பிடித்தான் நிக்கிறன். நீங்க பெட்டிக்குப் பக்கத்திலயே நிண்டு கொண்டிருக்கிங்க."

பாட்டு முடிந்து இசைத்தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் ஏறாவூர்க்காரருக்குக் கோல் எடுத்து, எல்லாப் பெட்டிகளையும் வந்து லொறியில் ஏற்றச் சொன்னேன். மனுசன் நம்பவில்லை.

"அந்தத் தழும்புப் பெட்டியுமா ஐயா?"

"அத முதல்ல ஏத்துங்க" என்றேன்.