மாமா குடித்த ரோஸ் தண்ணீர்

போன திங்கட்கிழமை மீன்சுருட்டியில், கிணற்றடியில் நின்று, ஊரே பார்க்க ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்தும் காட்டினேன். ஒருத்தராவது "அட!" என்பார்கள் என்று எதிர்பார்த்தேன்... ஒரு ஈ, காக்காய் அசையவில்லை!

விஷயம் இதுதான். மீன்சுருட்டியில்தான் என் அக்காவைக் கொடுத்திருக்கிறது. பக்கத்து ஊரில் காலரா. இங்கேயும் வந்துவிடக் கூடாதே என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து, சாயங்காலமாகக் குடிதண்ணீர்க் கிணற்றில் மருந்தைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். விடிந்து பார்த்தால் தண்ணீர் ரோஸ் நிறம். அவ்வளவுதான். ஒரு குடம் கூடக் கிணற்றுக்கு வரவில்லை. எல்லாக் குடமும் எங்கே போனது தெரியுமா? குட்டைக்கு! மாடு குளிப்பாட்டி, துணி துவைக்கிற அதே குட்டைக்கு.

அக்கா ஆள் மேல் ஆள் விட்டாள். "உங்க மாமா ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. செல்லத்துக்கும் குட்டைத் தண்ணிதான்ங்கிறாரு. ஒடனே கெளம்பி வா."

செல்லம் அக்கா பெண். மூன்று வயது. எனக்குப் பகீரென்றது. அரியலூரில், கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ்ஸைப் பிடித்தேன். பெட்ரோல் பஸ்ஸெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் இப்போது இதுதான் நமக்கு விதி. வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தங்கமான மனுஷர். அடுத்தவர் மாட்டுக்கு நோவு என்றால் கூடப் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

"மாப்ள, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. யுத்தத்துல அரிசி பத்தல. வாய் கொறைஞ்சா அரிசி மிச்சம். அதுக்குத்தான் இந்த மருந்து."

"யாரு மாமா சொன்னா?"

"யாரு சொல்லணும்? பக்கத்து ஊர்ல ஊத்துனாங்க. மறுநாளே நாலு பேரு போய்ச் சேந்துட்டாங்க."

"காலரா வந்ததாலதானே மாமா அங்க மருந்தே ஊத்துனாங்க!"

"அது அவங்க சொல்ற கதை."

இன்ஸ்பெக்டரும் விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பி வந்து, கிணற்றடியில்தான் நின்றார். பாவம், பொறுமைசாலி. தானே சேந்திக் குடித்துக் காட்டினார். மாமா என் காதில் சொன்னார்: "வரும்போதே மாத்து மருந்து சாப்ட்டுட்டு வந்திருப்பாரு."

அப்புறம்தான் நான் குடித்தது. அதற்கும் பதில் தயார்! "நீ பேப்பர்ல எழுதுறவன். ஒனக்கும் மாத்து மருந்து குடுத்திருப்பாங்க."

இதற்கு என்ன செய்வீர்கள்? நாங்கள் குடிக்காமல் இருந்திருந்தால் 'பார், பயப்படுறான்' என்றிருப்பார். குடித்தால் மாற்று மருந்து! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கொஞ்சமாவது அறிவிருக்கா மாமா?" கேட்டே விட்டேன்... அத்தனை பேர் முன்னால். அக்கா முகம் சுண்டிப் போயிற்று.

மாமா கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "போன வருஷம் சர்க்கார்லேருந்து நெல்லு கணக்குப் பாக்க வந்தாங்களே, 'சும்மா பாத்துட்டுப் போயிடுவாங்க, பயப்படாதீங்க'ன்னு பேப்பர்ல எழுதுனது யாரு? நீதான? என் மச்சினன் எழுதியிருக்கான்னு நான் நெல்லுப் பத்தாயத்தைத் தொறந்து காட்டுனேன். என்னைப் பாத்து தெருவே தொறந்துச்சு. பத்து நாள்ல லாரி வந்து அள்ளிட்டுப் போச்சா, இல்லையா?"

ஆமாம், எழுதினேன். இதே பக்கத்தில்தான் எழுதினேன். யாரோ ஒரு அதிகாரி சொன்னார், நானும் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். வதந்தியை நம்புகிறவர்களுக்குப் புத்தி மட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தி எங்கே மட்டு? ஒரு தடவை ஏமாந்தவர் இந்தத் தடவை உஷாராக இருக்கிறார். ஏமாற்றியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"தப்புதான் மாமா. கேட்டதை அப்படியே எழுதிட்டேன். நீங்க என்னை நம்ப வேணாம். இவரையும் நம்ப வேணாம். எதைச் செஞ்சா ஒங்களுக்கு நம்பிக்கை வரும்? அதைச் சொல்லுங்க, செய்வோம்."

அப்போதுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாத்து மருந்து சாப்புடாத ஆளு குடிக்கணும். நான்தான் இருக்கேன்ல? நான் குடிக்கிறேன். பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் எனக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம். அதுவரைக்கும் எம் பொண்ணு இந்தத் தண்ணியையும் தொடக் கூடாது, குட்டைத் தண்ணியையும் தொடக் கூடாது."

இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். செல்லத்துக்குப் பால் மட்டும் கொடுக்கச் சொன்னார். இவ்வளவு நேரம் நாங்கள் கத்தியதை விட்டுவிட்டு, சோதிக்கிற வேலையை முதலிலேயே சந்தேகப்பட்டவரிடம் கொடுத்திருக்கலாம்!

மாமா தானே சேந்தினார். செம்பை வாய்க்குக் கொண்டு போனவர், நிறுத்தி, என்னைத் தனியாக இழுத்தார்.

"மாப்ள... எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா, ஒங்க அக்காவையும் செல்லத்தையும் பாத்துக்க."

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர் இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

கிணற்றடியிலேயே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் "வயிறு என்னாங்க பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. அக்காவும் வந்து அதையே கேட்டாள்.

"பசிக்குது! சோத்தைப் போடு!"

கிணற்றடியே சிரித்தது. அவரே ஒரு குடம் சேந்தித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே மற்றக் குடங்களும் வந்தன. செல்லம் அன்று ரோஸ் தண்ணீர்தான் வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுக் குடித்தாள்.

நானும் இன்ஸ்பெக்டரும் குடித்தது வெறும் தண்ணீர். அது எங்களுக்குத் தெரியும். மாமாவோ விஷமாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே, பெண்ணுக்காகக் குடித்தார். அவரை மாதிரி ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை.

இதை மாமாவிடம் படித்துக் காட்டினால்... நான் பேப்பரில் எழுதியதாயிற்றே, நிச்சயம் நம்ப மாட்டார்!